எலி மருந்தா, கூகைப் பெட்டியா? நான்கு ஏக்கர் செம்பனைக்காரனின் கேள்வி

கிரியான் கரை
ஜனவரி 14, இரவு 9:52

வணக்கம். அப்பா போன வருடம் தவறிவிட்டார். நிபோங் திபால் பக்கத்தில் அவர் வைத்துவிட்டுப் போன நான்கு ஏக்கர் செம்பனை இப்போது என் பொறுப்பு. வார நாள்களில் பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை. சனிக்கிழமை விடிந்ததும் பாலத்தைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்விடுவேன். மொத்தம் 220 மரம், வயது பதினொன்று.

மூன்று மாதமாக எலித் தொல்லை தாங்கவில்லை. பழுத்த குலையைப் புரட்டினால் வெளிப்பழங்களின் சதை முழுவதும் சுரண்டப்பட்டு, நாரும் கொட்டையும் மட்டும் நிற்கின்றன. பிஞ்சுக் குலையையும் விட்டுவைக்கவில்லை. இன்னொன்றும் கவனித்தேன். வாடிய ஆண்பூக்களை யாரோ கையால் பிய்த்து எறிந்ததைப்போல மரத்தடியில் சிதறிக் கிடக்கின்றன. பூவில் எலிக்கு என்ன வேலை என்று புரியவில்லை.

கடையில் நீல நிற மெழுகுக் கட்டியைக் கொடுத்து, ஒரு கடி போதும் என்றார்கள். பக்கத்து நிலத்துப் பெரியவரும் அதைத்தான் வைக்கிறார். கெலுகோரில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் குரங்கு எலியைத் தின்கிறது என்று கண்டுபிடித்திருப்பதாகத் தொழிற்சாலையில் ஒருவர் சொன்னார். எலி பிடிக்கும் கூகை என்ற ஆந்தை வந்து தங்க ஒரு மரப்பெட்டி வை என்கிறார் இன்னொருவர். அம்மாவிடம் ஆந்தை என்று வாயெடுத்தேன். "அப்பா போய் வருடம் திரும்பவில்லை, அதற்குள் சாக்குருவிக்கு வீடு கட்டப் போகிறாயா?" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.


பழைய கிராணி
ஜனவரி 14, இரவு 11:20

தம்பி, ஆண்பூவிலிருந்து தொடங்குகிறேன். எலி பூவைத் தின்னவில்லை, பூவுக்குள் இருக்கும் புழுவைத் தின்கிறது. செம்பனைக்கு மகரந்தம் சுமக்கிற சின்னக் கூன்வண்டு ஒன்று உண்டு. அரிசி வண்டு அளவுதான் இருக்கும். அது ஆண்பூவில் முட்டையிடும். பூ வாடும்போது உள்ளே புழு கொழுத்திருக்கும். எலிக்கு அது இறைச்சி. பழம் சோறு என்றால் புழு கறி என்று வைத்துக்கொள்.

அந்த வண்டு நம் நாட்டு வண்டு இல்லை. செம்பனையே மேற்கு ஆப்பிரிக்க மரம். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் வண்டை விட்டுவிட்டு வந்தார்கள். அதனால் 1981 வரை இங்கே பல தோட்டங்களில் ஆள் வைத்து மகரந்தம் ஊத வேண்டியிருந்தது. என் மனைவி அந்த வேலை பார்த்தவள். மகரந்தத்தோடு முகப்பவுடர் போன்ற டால்க் மாவைக் கலந்து, குழாய் வைத்த புட்டியால் பெண்பூவின் மேல் ஊத வேண்டும். மாலையில் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தான் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் அந்த வண்டைக் கவனித்து, வேறு பயிரைத் தொடாது என்று சோதித்துக் காட்டிய பிறகு, 1981-ல் இங்கே விட்டார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் ஊதும் வேலையே இல்லாமல் போயிற்று. மனைவிக்கு வேலை போனது, எலிக்குக் கறி கிடைத்தது.

இனி மருந்து. நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்ஃபரின் வைத்தோம், அது முதல் தலைமுறை எலி மருந்து. எலி அதற்குப் பழகிவிட்டது. 1980-களில் தின்றுவிட்டுச் சுகமாகத் திரிந்தது. பிறகு வந்தவைதான் இந்த நீலக் கட்டி வகையறா, இரண்டாம் தலைமுறை மருந்துகள். கொல்லும், சந்தேகமில்லை. ஆனால் அந்த நஞ்சு எலியின் ஈரலில் தங்கும். தின்ற எலி உடனே சாகாது. நாலைந்து நாள் தள்ளாடும். தள்ளாடும் எலியைத்தான் கூகை முதலில் பிடிக்கும்.

மருந்து வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. எண்ணிப் பார்த்தாயா? எத்தனை மரத்தில் புதிய கடி இருக்கிறது? நூற்றுக்கு ஐந்து மரத்துக்குக் கீழே இருந்தால் கட்டியே வைக்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு. வைத்தாலும் மரத்துக்கு ஒன்று. நான்கு நாள் கழித்துப் போய், தின்ற இடத்தில் மட்டும் வேறு கட்டி. நூற்றுக்கு இருபதுக்குக் கீழே தின்றிருந்தால் நிறுத்திவிட வேண்டும். உன் பக்கத்து நிலத்துக்காரர் இப்படியா வைக்கிறார், அல்லது கோயில் பொரி இறைப்பதைப்போல இறைக்கிறாரா?


மண்வெட்டி
ஜனவரி 15, காலை 7:05

பல்கலைக்கழகத்தார் கட்டுரை எழுதுவது பதவி உயர்வுக்கு. பதினைந்து வருடமாக ஜாவியில் ஆறு ஏக்கர் வைத்திருக்கிறேன். இதுவரை ஓர் ஆராய்ச்சியாளர்கூட என் வேலியைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. உரக்கடைக்காரர் வருகிறார், கடனும் தருகிறார். குரங்கு எலி தின்னும் என்று நம்பி உட்கார்ந்தால், குரங்கு குலையையும் தின்றுவிட்டு நம்மைப் பார்த்துப் பல்லையும் காட்டும். கட்டியை வையுங்கள், வேலையைப் பாருங்கள்.


கெலுகோர் மாணவி
ஜனவரி 15, பிற்பகல் 1:34

அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறேன். குரங்கு ஆய்வில் எனக்குப் பங்கில்லை, ஆனால் வகுப்பில் விரிவாகப் படித்திருக்கிறோம். அது 2019-ல் வெளிவந்தது. எங்கள் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகமும் சேர்ந்து பேராக்கில், செகாரி காட்டை ஒட்டிய செம்பனைத் தோட்டங்களில் செய்தது.

முதலில் எந்தக் குரங்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் குழப்பிக்கொள்கிறார்கள். தாவரவியல் பூங்காவில் நம் கையிலிருந்து பையைப் பிடுங்குவது நீண்ட வால் குரங்கு, மலாய்க்காரர்கள் கெரா என்பது. ஆய்வில் வருவது பெருக். குட்டை வால், தேங்காய் பறிக்கப் பழக்குவார்களே, அது. இரண்டும் வேறு வேறு.

பெருக் கூட்டம் செம்பனையில் ஏறி, வெட்டிய மட்டையின் அடிக்கட்டைகளைப் பிடுங்கிப் போடுகிறது. பகலில் எலி ஒளிந்திருப்பது அந்த இடுக்கில்தான். ஒரு கூட்டம் வருடத்துக்கு மூவாயிரத்துக்கும் மேல் எலி தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குரங்கு வழக்கமாக வந்துபோகும் இடங்களில் எலி நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல் குறையலாம். மண்வெட்டி அண்ணன் சொல்வதைப்போலக் குரங்கு பழமும் தின்கிறது, அதை மறைக்கவில்லை. அதனால் வரும் இழப்பு விளைச்சலில் 0.56 விழுக்காடு. எலியால் வருவது ஏறக்குறைய பத்து விழுக்காடு.

ஆனால் ஓர் இடத்தில் எல்லாரும் அவசரப்பட்டுவிடுகிறார்கள். அந்தக் குரங்கின் வீடு காடு. தோட்டத்துக்கு அது விருந்தாளி. காடு ஒட்டியிருந்தால்தான் வரும். கிரியான் கரை அண்ணன், உங்கள் நிலத்தைச் சுற்றி என்ன இருக்கிறது?


கிரியான் கரை
ஜனவரி 16, இரவு 10:11

சுற்றிலும் செம்பனை, ஒரு பக்கம் வாய்க்கால், அப்பால் வீடுகள். காடு என்று சொல்ல ஒன்றுமில்லை. வருவது நீண்ட வால் குரங்குதான், அதுவும் வாழைக்காக. ஆகப் பெருக் கதை எனக்கு உதவாது.

கிராணி ஐயா, எண்ணினேன். 220-ல் 31 மரத்தில் புதிய கடி. நூற்றுக்குப் பதினான்கு. பக்கத்துப் பெரியவர் பொரி இறைப்பதைப்போலத்தான் இறைக்கிறார்.


மண்வெட்டி
ஜனவரி 16, இரவு 10:30

பார்த்தீர்களா? காடு இருந்தால் குரங்கு, குரங்கு இருந்தால் பலன். காடு இருந்தால் நான் ஏன் செம்பனை நடுகிறேன், தேன் எடுக்கப் போயிருப்பேன்.


ஆயர் ஈத்தாம் அக்கா
ஜனவரி 17, காலை 6:48

மண்வெட்டித் தம்பிக்குக் கோபம் நியாயமாகவே வருகிறது. ஆனால் ஆராய்ச்சியின் மேல் வர வேண்டிய கோபமா அது என்று யோசிக்கச் சொல்கிறேன்.

என் அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர். முதுகில் பம்பு, காலில் கிழிந்த பூட்ஸ், முகத்தில் ஒரு துண்டு. அடித்தது பாராகுவாட். பம்பின் மூடி கசிந்து முதுகு நனையும். அம்மாவின் கை நகங்கள் முதலில் வெளுத்தன, பிறகு குறுக்கே கோடு விழுந்தது, பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றன. கல்யாண வீட்டுக்குப் போனால் கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். தோட்டத்து மருந்தகத்தில் கொடுத்தது களிம்பு. மருந்தை மாற்று என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

பாராகுவாட் நகத்தைக் கெடுக்கும், விழுங்கினால் மாற்று மருந்தே கிடையாது என்பதெல்லாம் மருத்துவர்களுக்கு வெகுநாளாகத் தெரியும். நம் பினாங்கிலேயே தலைமையகம் வைத்திருக்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்பு அமைப்பும், பெண் தொழிலாளர்களுக்காகப் பேசும் தெனகானித்தா அமைப்பும் மருந்தடிக்கும் பெண்களிடம் நேரில் போய்க் கேட்டுப் பதிவு செய்தார்கள். 2002-ல் அரசாங்கம் தடை அறிவித்தது. 2006-ல் அந்தத் தடையைத் தளர்த்தியது. உண்மையிலேயே கடையிலிருந்து போனது 2020 ஜனவரியில். அறிவித்ததற்கும் போனதற்கும் இடையில் பதினெட்டு வருடம். அந்தப் பதினெட்டு வருடத்தில் ஆராய்ச்சிக்குப் பஞ்சமா இருந்தது?

வேலியைத் தாண்டி வராதவர் ஆராய்ச்சியாளர் மட்டும் இல்லை, தம்பி.


மண்வெட்டி
ஜனவரி 17, காலை 8:15

அக்கா, மன்னிக்கவும். என் சித்தியும் பம்பு தூக்கியவர்தான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: அறிந்தவர்கள் எங்களிடம் வந்து சொல்ல வேண்டியது யார் வேலை?


செர்டாங் பழைய மாணவன்
ஜனவரி 17, இரவு 9:40

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். செர்டாங்கில் 1931-ல் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1971-ல் பல்கலைக்கழகமாகி, 1997-ல் புத்ரா பெயரை எடுத்துக்கொண்ட இடத்தில் படித்தவன். அங்கிருந்த ஆசிரியர் ஒருவர் வருடந்தோறும் முதல் வகுப்பில் சொல்லும் கதை ஒன்று உண்டு. மண்வெட்டியின் கேள்விக்கு அது நேர்ப் பதில் ஆகாது, ஆனாலும் சொல்கிறேன்.

1960-களில் நம் செம்பனைத் தோட்டங்களில் பைப்புழு பெருகியது. இலைத் துணுக்குகளால் பை தைத்து அதற்குள் இருந்தபடியே ஓலையைத் தின்னும் புழு. தோட்டக்காரர்கள் டி.டி.டி, டீல்ட்ரின் என்று அடித்தார்கள். அடிக்க அடிக்கப் புழு பெருகியது. பிரையன் வுட் என்ற பூச்சியியலாளர் கவனித்து, புழுவைத் தின்னும் குளவிகளையும் பிற பூச்சிகளையும் மருந்து முதலில் கொன்றுவிடுகிறது, பைக்குள் இருக்கும் புழு தப்பிவிடுகிறது என்று காட்டினார். பரவலாக அடிப்பதை நிறுத்திய இடங்களில் புழு அடங்கியது. மருந்தே நோயாக இருந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமலிருப்பதற்கும் ஆராய்ச்சி வேண்டியிருக்கிறது பாருங்கள். அந்த அறிவை விற்க ஒரு கடைக்காரராலும் முடியாது, அதில் விற்பதற்குச் சரக்கு இல்லை.

அப்படியானால் செலவை யார் ஏற்பது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு வழி கண்டார்கள். 1987-ல் நிலத்தடி நீரைக் காக்கச் சட்டம் போட்டு, உரத்துக்கும் பூச்சிமருந்துக்கும் கட்டணம் வைத்து, அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கொண்டு அங்குள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் லியோபோல்ட் மையம் என்று நிலைத்த வேளாண்மைக்கு ஒன்றை அமைத்தார்கள். அதே பல்கலைக்கழகத்தின் பண்ணையில் வருடக்கணக்கில் நடந்த ஒரு சோதனையில், மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்ட நிலத்தை, ஓட்ஸும் குதிரைமசாலும் சேர்த்து நான்கு வருடச் சுழற்சியில் போட்ட நிலத்தோடு ஒப்பிட்டார்கள். இரண்டாவதில் இரசாயன உரமும் களைக்கொல்லியும் மிகமிகக் குறைந்தன, இலாபம் குறையவில்லை. இன்னொரு சோதனையில் வயலில் பத்தில் ஒரு பங்கை நாட்டுப் புல்லுக்கும் பூவுக்கும் விட்டார்கள். மழையில் அடித்துச் செல்லும் மண் இருபதில் ஒரு பங்காகிவிட்டது.

இவ்வளவும் செய்த பிறகு, 2017-ல் அந்த மாநில சட்டமன்றமே லியோபோல்ட் மையத்துக்கான பணத்தை நிறுத்திவிட்டது.


பழைய கிராணி
ஜனவரி 18, காலை 5:55

பைப்புழுவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓலை முழுவதும் சல்லடையாகி, தூரத்திலிருந்து பார்த்தால் பதினைந்து ஏக்கர் தீய்ந்ததைப்போலத் தெரியும்.

பெரிய தோட்டத்துச் சாலை ஓரத்தில் வெள்ளைப் பூச்செடி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிக்கொள்ளும், நடுவில் மஞ்சளும் கறுப்புமாக இருக்கும். டர்னெரா. பெரிய துரையின் மனைவிக்காக நட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். பைப்புழுவைக் கொல்லும் குளவிக்குத் தேன் கொடுக்க நட்டதாம். பத்து வருடம் அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான். காரணம் தெரிந்தது ஓய்வு பெற்ற பிறகு.

தம்பி மண்வெட்டி, நீ கேட்டது சரி. எங்களுக்கும் சொல்லவில்லை.


பாலிக் பூலாவ் பழத்தோட்டம்
ஜனவரி 18, பிற்பகல் 3:20

செம்பனைக்காரர்கள் நடுவில் டுரியான்காரன் ஒருவன். எங்கள் பக்கத்தில் வௌவாலை விரட்ட வலை கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூவைத் தின்கிறது என்று குற்றச்சாட்டு. டுரியான் பூ மாலையில் விரிந்து விடியும் முன் கொட்டிவிடும். விடிந்து போய்ப் பார்த்தால் தரையெல்லாம் பூ, மேலே வௌவால். பழியை யார்மேல் போடுவது? தியோமான் தீவில் இரவில் கேமரா வைத்துப் படம் பிடித்து, பழந்தின்னி வௌவால் பூவைக் கெடுக்கவில்லை, தேனைக் குடித்து மகரந்தத்தைச் சுமக்கிறது, அதனால் காய்ப்பும் கூடுகிறது என்று 2017-ல் நம் நாட்டு ஆய்வாளர் ஒருவரின் குழு வெளியிட்டது. அதைக் கேட்டு என் வலையைக் கழற்றினேன். அண்ணன் கழற்றவில்லை. ஒரே மலைச்சரிவு, இரண்டு தோட்டம், நடுவில் வேலி. வௌவால் அவர் வலையில் செத்தால் என் மரமும் காய்க்காது.


மட்டுறுத்துநர்
ஜனவரி 18, பிற்பகல் 4:00

அனைவருக்கும் நன்றி. கேள்வி கேட்டவர் கூகைப் பெட்டிக்குப் பதில் இல்லாமல் காத்திருக்கிறார். அதற்குத் திரும்பலாம்.


கெலுகோர் மாணவி
ஜனவரி 18, இரவு 8:47

பழத்தோட்டத்து அண்ணன் சொன்ன வேலிதான் இங்கேயும் சிக்கல்.

கூகை இந்தத் தீபகற்பத்தில் பழைய குடி இல்லை. 1960-களின் கடைசியில்தான் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் குஞ்சு பொரித்ததாகப் பதிவானது. செம்பனை பரவியது, எலி பெருகியது, கூகை தானாக வந்தது. இங்கே இல்லாதது பொந்து. செம்பனையில் பெரிய பொந்து விழாது. அதற்குத்தான் பெட்டி. ஒரு சோடியும் அதன் குஞ்சுகளுமாக வருடத்துக்கு நூற்றுக்கணக்கான எலியைத் தின்றுவிடும்.

ஆனால் கணக்கு பெரிய தோட்டத்துக்கான கணக்கு. ஐந்து முதல் பத்து ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பார்கள். அண்ணனுடையது ஒன்றரை ஹெக்டருக்குச் சற்று மேல். கூகை வேட்டைக்குப் போகும்போது நிலப்பட்டாவைப் பார்ப்பதில்லை. உங்கள் நிலத்தில் தூங்கிவிட்டுப் பெரியவர் நிலத்தில் சாப்பிடும். அங்கே நீலக் கட்டி தின்ற எலியைத் தின்று உங்கள் பெட்டிக்குள் சாகும். ஆகவே ஒருவர் மட்டும் பெட்டி வைப்பதால் பலன் இல்லை, கூகைக்குக் கெடுதல்கூட. எட்டுப் பத்துப் பேர் சேர்ந்தால் அது ஒரு தோட்டம். மருந்து கட்டாயம் என்றால் முதல் தலைமுறையில் எலி இன்னும் பழகிவிடாத மருந்து, அதுவும் கிராணி ஐயா சொன்ன முறையில். கூகைக்கு அதில் ஆபத்து குறைவு, இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆராய்ச்சி செய்பவர்களுக்குப் பெரிய தோட்டம் வசதி. ஒரு மேலாளரிடம் அனுமதி வாங்கினால் இரண்டாயிரம் ஹெக்டர். சிறு தோட்டக்காரர் என்றால் ஐம்பது வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். மண்வெட்டி அண்ணன் வேலிக்குள் யாரும் வராததற்கு இதுவும் ஒரு காரணம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பெட்டியைக் கம்பத்தில் நான்கைந்து மீட்டர் உயரத்தில் வையுங்கள். வாசல் மழையடிக்கும் பக்கம் பார்க்கக் கூடாது. பாம்பு ஏறாமல் கம்பத்தில் தகரம் சுற்றுங்கள்.


ஆயர் ஈத்தாம் அக்கா
ஜனவரி 19, காலை 6:30

அம்மாவுக்கு ஒரு வார்த்தை, கிரியான் கரைத் தம்பி. கூகை குழறினால் சாவு என்று நம் ஊரில் சொன்னது உண்மைதான். தானியம் இருக்கும் இடத்தில் எலி, எலி இருக்கும் இடத்தில் கூகை. அதைத் தானியத்தோடு சேர்த்துச் சொல்லாமல் சாவோடு சேர்த்துவிட்டார்கள். அப்பாவின் மரத்தைக் காக்க வருகிறது என்று சொல்லிப் பார். திதி முடியட்டும், அவசரப்படாதே.


கிரியான் கரை
மார்ச் 22, இரவு 9:15

எல்லாருக்கும் நன்றி. திதி முடிந்தது. பெட்டிக்குப் பலகையும் கம்பமும் சேர்த்து 140 ரிங்கிட் ஆயிற்று, தச்சு வேலை நானே. அம்மா பெட்டியைத் தொடவில்லை. ஆனால் தூக்கி வைத்த அன்று கம்பத்துக்குக் கீழே சூடம் கொளுத்திவிட்டுப் போனார். அது வரவேற்பா, தடுப்பா என்று கேட்கவில்லை.

அக்கம்பக்கத்தில் ஒன்பது பேரைப் பார்த்தேன். ஆறு பேர் கட்டியை நிறுத்தச் சம்மதித்தார்கள். இருவர் யோசிக்கிறோம் என்றார்கள். நீலக் கட்டிப் பெரியவர் தேநீர் கொடுத்துவிட்டு, "உன் அப்பா இப்படி யாரையும் தொந்தரவு செய்ததில்லை" என்றார். நிலம் சேர்ந்திருப்பது ஏறத்தாழ முப்பது ஏக்கர்.

வாய்க்கால் ஓரத்தில் கடைசி வரிசைக்கு மருந்தடிப்பதையும் நிறுத்திவிட்டேன். செர்டாங் ஐயா எழுதிய அயோவா புல் வரிசையைப் படித்த பிறகு அந்த வாய்க்கால் வேறு மாதிரி தெரிகிறது. அது போய் விழுவது கிரியான் ஆற்றில். ஆற்றில் பெரெம்பாங் மரத்தில் மின்மினி பார்க்க வெளியூர்க்காரர்கள் படகில் வருகிறார்கள். அப்பா காலத்தில் எங்கள் வாய்க்காலிலேயே மின்மினி இருந்ததாம்.


மண்வெட்டி
மார்ச் 22, இரவு 9:58

ஒன்பதில் ஆறு. நான் இரண்டு என்று நினைத்தேன். பலகை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான்.


கிரியான் கரை
ஜூன் 28, இரவு 8:40

மூன்று மாதம். பெட்டியில் குடி வந்தது மைனா. ஒரு பை நிறைய வைக்கோலும் மிட்டாய்த் தாளும் சேர்த்து வைத்திருக்கிறது. கூகையின் எச்சம்கூட இல்லை. புதிய கடி 27 மரம். முன்பு 31.


கெலுகோர் மாணவி
ஜூன் 28, இரவு 10:02

மைனா குஞ்சு பறந்த பிறகு பெட்டியைச் சுத்தம் செய்யுங்கள். கூகை கூடு கட்டாது, வெறும் பலகை போதும். வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. 27-ஐ வெற்றி என்றும் சொல்லாதீர்கள், தோல்வி என்றும் சொல்லாதீர்கள். மாதம் ஒரு முறை அதே நாளில் எண்ணுங்கள்.


கிரியான் கரை
செப்டம்பர் 13, இரவு 11:08

இன்று மாலை நீலக் கட்டிப் பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். "உன் ஆந்தை என் கொட்டகையில் இருக்கிறது, வந்து பிடித்துக்கொண்டு போ" என்றார். ஓடினேன். பழைய உரக் கொட்டகை, கூரையின் கீழே குறுக்கு மரத்தில் இரண்டு. இதய வடிவ வெள்ளை முகம், தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது. என் பெட்டியில் மைனா, அவர் கொட்டகையில் கூகை. நிறுத்த மாட்டேன் என்றவர் நிலத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. நாளை காலை மறுபடியும் அவரைப் பார்க்கப் போகிறேன். எப்படிப் பேச்சைத் தொடங்குவது?


பழைய கிராணி
செப்டம்பர் 14, காலை 5:40

மருந்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. உன் ஆந்தை என்று அவர் சொன்னால், உங்கள் ஆந்தை ஐயா என்று சொல். தரையில் கறுப்பாக, கட்டை விரல் அளவில், பளபளப்பாகக் கட்டி கிடக்கும். கூகை கக்கியது. அதை அவர் எதிரில் தண்ணீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரி. மண்டையோட்டை அவரே எண்ணட்டும்.


கிரியான் கரை
செப்டம்பர் 14, பிற்பகல் 2:25

நான்கு கட்டி கிடைத்தது. பழைய மார்ஜரின் டப்பாவில் ஊறவைத்தோம். மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெரியவரே குச்சியால் பிரித்தார். எலும்பு ஊசி ஊசியாக வந்தது. மண்டையோடு ஏழு. ஒவ்வொன்றிலும் அந்த மஞ்சள் முன்பல் அப்படியே இருந்தது.

மருந்தைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கொட்டகை மூலையில் நீலக் கட்டிப் பெட்டி பாதி இருக்கிறது, பார்த்தேன். கிளம்பும்போது கூப்பிட்டு, ஐந்தாவது கட்டி ஒன்றை நேற்று நாய் மிதித்துவிட்டது, அதில் ஒரு மண்டையோட்டைத் தன் கண்ணால் பார்த்ததாகவும், எட்டு என்று எழுதிக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். எட்டு என்று எழுதிக்கொண்டேன்.